உயிருக்கு மட்டும்

மூன்று காலை ஊன்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற குதிரையில் உங்கள் வீட்டு மாப்பிள்ளையை ஏற்றுவீர்களா? மாட்டீர்கள். விருத்தாசலத்திலும் யாரும் ஏற்ற மாட்டார்கள். சிவசங்கரிக்கு அது முன்பே தெரியும். அதனால்தான் குதிரைக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது காலுக்கும் சேர்த்து எடுக்கச் சொன்னாள்.

குதிரையின் பெயர் சம்பங்கி. வெள்ளைப் பெட்டை. சிவசங்கரியின் நகையை விற்று அந்தியூர் சந்தையில் வாங்கினார்கள். அதற்கு முன்னால் அவள் பீங்கான் கம்பெனியில் இருந்தாள். காய்ந்த ஃபியூஸ் கட்டைகளின் விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்துகிற வேலை. தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் தூசு பறக்கும். முகத்தில் துணி கட்டிக்கொண்டாலும் உள்ளே போகும். இருமல் பிடித்தது. விடவில்லை. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் அந்தத் தூசுக்குப் போனால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். அவள் புருஷன் கொளஞ்சி அதே கம்பெனியில் சூளை அடுக்குகிறவன். அவன் ஒருத்தன் கூலியில் வீடு நடக்காது. சம்பங்கி வந்த பிறகு நடந்தது. கல்யாணம், காதுகுத்து, கட்சி ஊர்வலம் என்று மாதத்தில் பல நாள் வாடகைக்குப் போனது. சிவசங்கரி வீட்டில் இருந்தாள். இருமல் குறைந்தது.

இன்சூரன்ஸ் போட வந்தவன் சிவசங்கரியின் அண்ணன் நந்தகுமார். பைக்கு, கடை, கறவை மாடு எதற்கு வேண்டுமானாலும் போடுவான். குதிரைக்குப் போடுவது அவனுக்கே முதல் தடவை. வாசலில் சம்பங்கியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

"ரெண்டு விதம் இருக்குது மாப்ள. செத்தா மட்டும் குடுக்கறது ஒண்ணு. காலு கண்ணு போயி வேலைக்கு ஆவாமப் போனாலும் குடுக்கறது இன்னொண்ணு. அதுக்குக் கொஞ்சம் சேத்துக் கட்டணும்."

"சேத்தே போடுண்ணே" என்றாள் சிவசங்கரி.

"காலப் பத்திப் பேசாத. குதிர நிக்குது" என்றான் கொளஞ்சி.

"நின்னா? அதுக்கு நாம பேசறது புரியப் போவுதா?"

"சாவு எல்லாத்துக்கும் வரும். அதுக்குக் கட்டலாம், தப்பில்ல. காலு போவும்னு கட்டினா நாமளே கூப்ட்ட மாதிரி ஆயிடும்."

நந்தகுமார் சிரித்தான். "பைக்குக்குக் கட்டினியே மாப்ள, பைக்கு காலு ஒடஞ்சிடுச்சா?"

"பைக்குக்கு யாரு மச்சான் ஆரத்தி எடுக்கறாங்க? இது மணவறைக்கு முன்னால போற குதிர."

இப்படியே வெகுநேரம் போனது. கடைசியில் கொளஞ்சி, சாமியிடம் கேட்டுவிடலாம் என்றான். அவனுக்குப் பெயர் கொடுத்த சாமி மணவாளநல்லூர் கோயிலில் இருக்கிறார். பெண் பார்ப்பது, மனை வாங்குவது, ஆபரேசனுக்கு ஒப்புக்கொள்வது எல்லாவற்றையும் கொளஞ்சி அவரிடம்தான் கேட்பான். மறுவாரம் மூவரும் போனார்கள். கொளஞ்சி இலையில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் மடித்தான். வெள்ளை வந்தால் உயிருக்கு மட்டும். சிவப்பு வந்தால் காலுக்கும் சேர்த்து. இரண்டையும் சந்நிதிக்கு முன்னால் போட்டான்.

"நீயே எடு" என்றான் சிவசங்கரியிடம்.

அவள் எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

வெளியே செருப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்த நந்தகுமார், "எனக்கு மேல இருக்கிற ஏஜெண்டு என்னா சொல்றாரு?" என்று கேட்டான். சிவசங்கரி ஆட்டோவில் ஏறினாள். அன்றைக்கே உயிருக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை துபாயிலிருந்து லீவில் வந்தவர். மேளத்துக்கும் கூட்டத்துக்கும் சம்பங்கி பழகியிருந்தது. வீடியோக்காரர் பறக்கவிட்ட டிரோனுக்குப் பழகவில்லை. அது தலைக்கு மேலே ரீங்காரமிட்டு இறங்கியதும் பின்னால் நகர்ந்தது. சாக்கடையை மூடியிருந்த கல் உடைந்து பின்னங்கால் உள்ளே போனது. மாப்பிள்ளையை இறக்கிவிட்டார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர்வலம் காரில் போனது.

மாட்டு டாக்டர் வந்து காலை அழுத்திப் பார்த்தார்.

"எலும்பு முறியல. நரம்பு அறுந்துபோச்சு. உயிருக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. இன்னும் பத்து பன்னெண்டு வருசம் நல்லா இருக்கும். முதுகுல மட்டும் ஆள ஏத்தாதீங்க."

கொளஞ்சி அவரைக் கும்பிட்டான். காலுக்கு இன்சூரன்ஸில் பைசா வராது என்று சிவசங்கரிக்குத் தெரியும்.

ஒப்புக்கொண்டிருந்த கல்யாணங்கள் வேறு ஊர்க் குதிரைக்குப் போயின. சம்பங்கி நொண்டிக்கொண்டே தின்றது. புல்லுக்கும் கொள்ளுக்கும் தவிட்டுக்கும் கொளஞ்சியின் கூலியில் பாதி போனது.

ஒரு நாள் சாப்பிடும்போது கொளஞ்சி சொன்னான். "கம்பெனி மேஸ்திரி கேட்டாரு. உன்ன எப்ப வரச் சொல்லட்டும்னு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"இதுக்குப் பூ போட்டுப் பாக்கலியா?"

"நீதான எடுத்த" என்றான் அவன்.

நந்தகுமார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். டீயை ஆற்றிக்கொண்டே சம்பங்கியைப் பார்த்தான்.

"செத்தா முழுசா குடுப்பாங்க. வேற குதிர வாங்கிடலாம். இது சாவாதே. கல்லு மாதிரி இருக்குது."

"என்னாண்ணே பேசற?"

"உள்ளத சொல்றேன். ரயிலு லைன் பக்கம் மேயப் போயி வண்டி அடிச்சா அது ஆக்சிடெண்டு. அதுக்கும் குடுப்பாங்க. நான் ஒண்ணும் சொல்லலம்மா. ரூல்ஸ சொன்னேன்."

கொளஞ்சியும் கேட்டுக்கொண்டிருந்தான். சிவசங்கரி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணனைத் திட்ட வேண்டும் என்று நினைத்தாள். திட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொளஞ்சி வேலையிலிருந்து வந்ததும் சம்பங்கியை அவிழ்த்தான்.

"புல்லு மேய வுட்டுட்டு வரேன்."

"எங்க?"

"அந்தப் பக்கம்தான்."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். குதிரை போகிற சத்தம் கேட்டது. மூன்று கால் சத்தம், ஒரு கால் இழுபடுகிற சத்தம். அரிசியை உலையில் போட்டாள். போன மழையில் சம்பங்கிக்கு வயிறு உப்பியபோது விடிய விடிய அடிவயிற்றைத் தேய்த்துவிட்டது அவள்தான். இப்போது செத்தால் வேறு குதிரை வரும். கம்பெனிக்குப் போக வேண்டாம். சாகாவிட்டால் போக வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலேயே புருஷனுக்குத் தெரிந்திருந்தது. அவன் அவளுக்காகத்தான் போகிறான் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. தூரத்தில் வண்டி ஊதியது. அடுப்பை அணைத்துவிட்டு நடந்தாள்.

லைன் ஓரத்தில் பழைய சிமெண்டுக் கட்டைகளின் மேல் கொளஞ்சி உட்கார்ந்திருந்தான். கயிறு அவன் கையில் இருந்தது. சம்பங்கி சரிவில் மேய்ந்துகொண்டிருந்தது.

"வண்டி போயிடுச்சே" என்றாள்.

"அது அந்த லைன்ல போறது. சேலம் வண்டி லேட்டு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சம்பங்கி அவளைப் பார்த்துவிட்டு வந்து அவள் தோளில் மூக்கை வைத்தது. அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"கவுத்த அவுத்து வுட்டுட்டு வாங்க. அது எங்கனா போவட்டும்."

கொளஞ்சி கயிற்றை அவளிடம் நீட்டினான். "என்னால முடியல. நீயே வுடு."

அவள் கயிற்றை வாங்கவில்லை.

"எல்லாத்துக்கும் என் கைதான் வேணுமா உங்களுக்கு? அன்னைக்குப் பூ எடுத்ததும் நானு. இப்ப இதையும் கொன்னது நான்தான்னு ஆவணும். அப்பறம் நீங்க சாமி கும்பிடப் போவீங்க."

"உன் நெஞ்சுக்காகத்தான்டி வந்தேன்."

"எனக்காகன்னா நீங்க பண்ணுங்க."

அவன் பண்ணவில்லை. சேலம் வண்டி வந்தது. வெளிச்சம் பட்டதும் சம்பங்கி பின்வாங்கியது. கயிறு இழுபட்டது. அவள் எழுந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வண்டி போய் முடிகிற வரைக்கும் பிடித்திருந்தாள். பிறகு குதிரையைத் திருப்பி முன்னால் நடந்தாள்.

"மேஸ்திரிக்குப் போன் போடுங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

மறுநாள் காலை சிவசங்கரி சம்பங்கிக்குத் தவிடும் தண்ணீரும் வைத்தாள். முகத்துக்குக் கட்டுகிற துணியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். எட்டு மணிக்குக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள்.