ஆற்றோரம் எப்போது வரும்?

தொண்ணூற்று மூன்றில் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்த நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, சஞ்சிகைப் பிரிவு முழுவதும் குணபூசணியின் தலையில் விழுந்தது. பழைய பதிவு அட்டைகளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பத்திரிகையையும் ஏற்ற வேண்டும். கண் எரிந்தது, கழுத்து இறுகியது. ஓய்வு பெறுகிற வயதில் இது என்ன சோதனை என்று அலுத்துக்கொண்டாள்.

சென்னையிலிருந்து வரும் வார இதழ்களால் தொல்லையில்லை. உள்ளூர்ச் சிற்றிதழ்கள்தான் உயிரை எடுத்தன. கிள்ளானில் தம்புசாமி என்பவர் நடத்திய 'ஆற்றோரம்' ஜனவரியில் ஒன்று வரும். பிறகு பேச்சு மூச்சே இருக்காது. திடீரென்று நாலைந்து மாதத்துக்கும் சேர்த்து ஒரே இதழாக வந்து நிற்கும். எத்தனை நாளுக்கொருமுறை வெளிவரும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. இதழின் மேலட்டையில் 'மாத இதழ்' என்று இருந்ததால் அவளும் 'மாதம்' என்றே அழுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து மாதம் பிறந்தால் கம்ப்யூட்டர் இதழை எதிர்பார்த்தது. வராவிட்டால், 'இதழ் கிடைக்கவில்லை, அனுப்பி உதவவும்' என்று கடிதத்தைத் தானே அச்சடித்தது. கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்ப்பது மட்டும்தான் அவள் வேலை.

ஒருநாள் காலை, வியர்த்து விறுவிறுக்க ஒரு பெண் அவள் மேசை முன் வந்து நின்றாள்.

“குணபூசணிங்கிறது நீங்களாக்கா? நான் தம்புசாமி சம்சாரம், மாரியாயி. கிள்ளான்லேர்ந்து பஸ் ஏறி வரேன்.”

குணபூசணி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“அவருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சுக்கா. உங்க லெட்டர் வர்றப்பெல்லாம், 'பாத்தியா, நம்ம இதழ ஒருத்தங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க'ன்னு எந்திரிச்சுர்றாரு. போன வாரம் அச்சகத்துக்குப் போறேன்னு தனியாக் கெளம்பி, வாசல்லயே விழுந்துட்டாரு. இனிமே அனுப்பாதீங்கக்கா, ப்ளீஸ் லா.”

அதை எழுதியது கம்ப்யூட்டர் என்று சொல்ல வாயெடுத்த குணபூசணி, அந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “சரிம்மா, இனி வராது,” என்றாள்.

மாரியாயி போனதும், திரையில் 'மாதம்' என்பதை அழித்து, பட்டியலின் அடியில் கிடந்த 'ஒழுங்கற்றது' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். இனி கம்ப்யூட்டர் எதையும் எதிர்பார்க்காது. ஒரு வேலை குறைந்தது, மனசுதான் லேசாகவில்லை.

சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் ஒரு குழறிய குரல் கேட்டது.

“நான் ஆற்றோரம் தம்புசாமி. லெட்டரே காணோமேம்மா. எங்க இதழ் வேணாம்னு விட்டுட்டீங்களா?”

குணபூசணி அவசரமாக மறுத்தாள். “அப்படியெல்லாம் இல்ல சார். மொதல்ல உடம்பப் பாத்துக்குங்க. எப்ப வந்தாலும் எடுத்துக்குவோம்.”

“அப்ப எதிர்பார்க்கிறீங்க?”

“எதிர்பார்க்கிறேன் சார். மெதுவா வரட்டும்.”

“நான் சொல்லச் சொல்ல மாரியாயி எழுதுறா,” என்றார் அவர். “மெதுவாத்தான் வரும்.”

வருஷக் கடைசியில் வந்தது. எட்டே பக்கம், மங்கலான அச்சு. இத்தனை காலமும் மேலட்டையையும் இதழ் எண்ணையும் மட்டுமே பார்த்துப் பதிந்து வந்தவள், அன்றுதான் அதை முதல் வரியிலிருந்து படித்தாள். படித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தபால் கட்டைப் பிரித்தாள்.