வகுபடாத தரை

டைல்ஸ்காரர் வாசலில் ஒரு லட்சத்து மூன்று தரைக்கற்கள் இருந்தன. ஒன்றை உடைத்தால் மறுநாள் காலை முழுசாகக் கிடந்தது, ஒன்றைத் திருடினால் திருடியவன் வீட்டிலிருந்து தானாகவே திரும்பி வந்தது. வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடியபோது அவர் பங்குக்கு லாரிகளில் வந்து இறங்கியவை அவை. அந்த ஊரில் முதலில் தரையைப் போட்டுவிட்டுத்தான் அதைச் சுற்றிச் சுவர் எழுப்புவார்கள். இவருக்கு அதற்கு மேல் ஒரு வீம்பு: கல்லை வெட்டவும் மாட்டார், மிச்சம் வைக்கவும் மாட்டார். அவர் மனைவிக்கு மாளிகை ஆசையெல்லாம் கிடையாது. அவர்கள் இருந்த தகரக் கொட்டகையில் ஒருவர் சாப்பிட்டு எழுந்தால்தான் அடுத்தவர் உட்கார முடியும். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அதற்கு ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தாள், பாவம்.

இரண்டு வரிசையாக அடுக்கினால் ஒரு கல் மிஞ்சியது. மூன்றிலும் ஒன்று, ஏழிலும் ஒன்று, பதினொன்றில் இரண்டு. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் வந்து பார்த்தார். "இது பகா எண்ணுங்க. ஒண்ணையும் தன்னையும் தவிர வேற எதாலயும் வகுபடாது. ஒரு கல்லு கொறஞ்சா எல்லாம் சரியா வரும்," என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அவள் ஒரு கல்லை மடியில் கட்டிக்கொண்டு போய் ஆற்றில் போட்டாள். காலையில் அது குவியலின் உச்சியில் ஈரம் சொட்ட உட்கார்ந்திருந்தது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

இரண்டு பேருக்கும் தலை நரைத்தது. ஒருநாள் அவர், "ஒண்ணாலதான் வகுபடும்னா ஒரே வரிசையாப் போட்டுட வேண்டியதுதான்," என்று மட்டப்பலகையை எடுத்தார்.

"அதுல ரெண்டு பேரு எப்படிங்க பக்கத்துல உக்கார்றது?"

"மிச்சம் இல்லாம வருதுல்ல?"

வரிசை கடைத்தெருவைத் தாண்டி, பேருந்து நிலையத்தைத் தாண்டி, அடுத்த ஊர் எல்லையில் போய் நின்றது. சுவரும் எழும்பியது. ஓரடி அகலம், முப்பது கிலோமீட்டர் நீளம். அடுப்பு இந்த முனையில், அவர் வேலைக்குப் போகும் வாசல் அந்த முனையில். ஊரும் பழகிக்கொண்டது; அந்தப் பக்கம் போக வேண்டியவர்கள் ஒரு ஜன்னலில் ஏறி எதிர் ஜன்னலில் இறங்கிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் தூக்குச்சட்டியோடு தோளை ஒடுக்கிக்கொண்டு நடப்பாள், அவரும் அங்கிருந்து நடந்து வருவார். ஒற்றைப்படை எண் ஆனதால் வீட்டுக்கு நடுக்கல் என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு தட்டு வைக்கத்தான் இடம். முதலில் அவர் சாப்பிடுவார், பிறகு அதே தட்டில் அவள் சாப்பிடுவாள். "பாத்தியா, ஒண்ணு கூட மிஞ்சல," என்பார் அவர். "ஆமாங்க," என்பாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு, உடம்பைத் திருப்ப இடமில்லாததால், அவரைப் பார்த்தபடியே பின்னால் நடந்து அடுப்படிக்குப் போவாள்.