கிட்டாரில் ஒட்டிய சவேரியார்

கப்பலிலிருந்து சொந்த ஊர் ஆலந்தலைக்குத் திரும்பிய ரெக்சன், சட்டையைக்கூட மாற்றாமல் கிட்டாரைத்தான் தேடினான். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழையதாக வாங்கிய ஆர்ச்டாப் அது. வயலின் மாதிரி மேல்பலகை புடைத்து, தேன் நிறத்தில் மின்னும். உப்புக்காற்று படக் கூடாதென்று அவன் மனைவி விஜிலா அதைத் திருவிழா பிளக்ஸில் பொதிந்து வைத்திருந்தாள். ஆலந்தலையில் பிளக்ஸில் பொதியாத பொருள்தான் ஏது?

பிரித்தால் பிளக்ஸ் வர மறுத்தது. இழுத்தான். இளகிப்போன வார்னிஷ் பபிள்கம்மாக நூல்விட்டது.

"ஏளா, இந்தப் பழைய வார்னிசுக்கு பிளாஸ்டிக் ஆகாதுளா!"

"எனக்கென்ன தெரியும்? சாமி படம் அழுக்காகக் கூடாதுன்னு உள்பக்கமாத்தான் மடிச்சேன்."

அப்போதுதான் கவனித்தான். புனித சவேரியாரின் முகம் மையோடு கிட்டாரில் அப்படியே பதிந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உப்புத்தாளை எடுத்தான்.

விஜிலா கையைப் பிடித்தாள். "சவேரியார் மூஞ்சியிலயா தேய்க்கப் போறீய?"

உப்புத்தாளை விட்டெறிந்துவிட்டு முகம் கழுவப் போனான். திரும்பி வந்தால், பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் முக்காடு போட்டு கிட்டார் முன்னால் முழந்தாள்படியிட்டிருந்தாள். பக்கத்தில் மெழுகுதிரி வேறு.

"என் கிட்டாரு..." என்று ஆரம்பித்தான்.

"சத்தங்காட்டாதய்யா, செபம் நடக்குல்லா!"