ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால்

ஒற்றை வசனத்துக்காக ஒரு வருடம் முழுக்க மல்லுக்கட்டிய ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் கிண்ணியாவுக்குப் போய் சனூஸா டீச்சரைப் பார்த்தால் போதும். தரம் ஒன்பது முடிக்கும் பிள்ளைக்குத் தொழினுட்பத்தில் என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன செய்யக் கைவர வேண்டும் என்று தரநியமம் எழுதுவதற்கு ஒரு குழு போட்டிருந்தார்கள். அதில் அவளும் ஒருத்தி. குழு எழுதிக் குவித்த வசனங்களுக்குக் கணக்கில்லை. சனூஸா உயிரை வைத்திருந்தது ஒன்றே ஒன்றில்தான்: ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால், தனியாக, ஒரு சிறு பழுதைத் திருத்திக் காட்ட வேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறவர்கள் ஒருநாள் வகுப்புக்கு வந்து கடைசி வாங்கில் இருந்து பார்க்கட்டும். ஐந்து பேரைக் குழுவாக்கி ஒரு மின்விசிறியைக் கொடுத்தால், துணிச்சலான ஒரு பிள்ளை கழற்றும். இன்னொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். மற்ற மூன்றும் அறிக்கை எழுதி, தலைப்புக்குக் கலர் அடித்து, ஓரத்தில் பூ வரையும். புள்ளி மட்டும் ஐந்து பேருக்கும் ஒரே அளவு. கலவன் பாடசாலை என்றால் ஸ்குரூ டிரைவர் யார் கைக்குப் போகும், பேனை யார் கைக்குப் போகும் என்று நான் சொல்லவா வேண்டும்?

அதைவிடப் பெரிய விஷயம் கருவி. நியமத்தில் தனியாக என்று இருந்தால், பிள்ளைக்குப் பிள்ளை கருவி கொடுக்க வேண்டும், கருவி வைக்க அறை கட்டித் தர வேண்டும். குழுவாக என்று வந்துவிட்டால் வகுப்புக்கு ஒரு பெட்டியோடு கதை முடிந்துவிடும். ஆய்வுகூடம் உள்ள டவுன் பள்ளிக்கூடங்கள் எப்படியும் சமாளித்துக்கொள்ளும். சனூஸா படிப்பிக்கும் மகளிர் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரு பழைய அலுமாரி, அதற்குள் இரண்டு குறடு, மூன்று ஸ்குரூ டிரைவர். அந்த வசனம் போனால் அந்த அலுமாரியோடேயே அவள் ஓய்வூதியத்துக்குப் போக வேண்டியதுதான்.

அவளைக் குழுவுக்குள் இழுத்து வந்தது றொஷானி. உப்புவெளிக்காரி, தொழினுட்பப் பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகர், சனூஸாவைவிட நாலைந்து வயது மூத்தவள். கல்வியியற் கல்லூரிக் காலத்தில் இருந்தே பழக்கம். பெருநாளைக்கு இங்கிருந்து வட்டிலப்பம் உப்புவெளிக்குப் போகும், நத்தாருக்கு அங்கிருந்து கேக் கிண்ணியாவுக்கு வரும். சனூஸாவுக்கு உடன்பிறந்த அக்கா இல்லை. அந்த இடத்தில் றொஷானியைத்தான் வைத்திருந்தாள்.

குழுவில் ஒரு நடைமுறை இருந்தது, அதைக் கொண்டுவந்தவளும் றொஷானிதான். எந்தச் செயற்பாட்டையும் நியமத்தில் சேர்க்குமுன் ஒரு பள்ளிக்கூடத்தில் செய்து பார்க்க வேண்டும். செய்து பார்த்த ஆசிரியர், நடந்த பிழைகள் எல்லாவற்றையும் ஒளிக்காமல், குழுவில் தனக்குச் சோடியாகப் போட்ட ஆளுக்குச் சொல்ல வேண்டும். எழுத்தில் இல்லை, வாயால். சோடி அதைக் கேட்டுச் செயற்பாட்டைத் திருத்தி எழுதுவார். பிள்ளைகள் சறுக்கிய கதை அந்த இரண்டு பேரைத் தாண்டி வெளியே போகக் கூடாது.

"எழுதச் சொன்னா எந்த வாத்தியும் 'மாணவர் ஆர்வத்துடன் ஈடுபட்டனர்' எண்டுதான் எழுதுவார்" என்று முதல் கூட்டத்திலேயே சொன்னாள் றொஷானி. "எங்கட நாட்டில அறிக்கைக்குள்ள ஒரு பிள்ளையும் தோத்ததில்லை. உண்மை தெரியோணுமெண்டால், சொல்லுற ஆளுக்குப் பயம் இருக்கக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சனூஸாவுக்குச் சோடி றொஷானி.

தனியாகத் திருத்தும் செயற்பாட்டை சனூஸா தன் தரம் ஒன்பது பிள்ளைகளோடுதான் செய்து பார்த்தாள். வேலை சின்னது. மேசை மின்விசிறியின் வயர் நுனியை உரித்து, மூன்று கம்பியையும் பிளக்கில் அதனதன் இடத்தில் பூட்ட வேண்டும். டீச்சர் மீற்றர் வைத்துப் பார்த்த பிறகுதான் மின்சாரத்தில் கொடுப்பது. சின்ன வேலைதான், ஆனால் அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அதுவரை ஒரு குறட்டைக் கையில் தொட்டதில்லை. வீட்டில் மின்குமிழ் மாற்றுவதற்கே வாப்பாவோ நானாவோ வரும்வரை காத்திருக்கிற பிள்ளைகள்.

வகுப்புக்கே இரண்டு குறடு என்றால் என்ன நடக்கும்? வரிசை நின்றது. நேரம் போனது. பொறுமையில்லாத சிலர் வயரை வாயில் வைத்துப் பல்லால் உரித்தார்கள். சனூஸா ஓடிப்போய் அதட்டி நிற்பாட்டினாள். உரித்தவர்களில் பலர் செம்புக் கம்பியையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள். நீலம் போக வேண்டிய இடத்தில் பச்சை போனது. ஒரு பிள்ளை அழுதது. பாதிக்கு மேல் தோல்வி. பல்லால் உரித்தவர்களில் அப்ரா மட்டும் கம்பியில் ஒரு கீறல் இல்லாமல் உரித்து, மூன்றையும் சரியாகப் பூட்டிவிட்டாள். அவளுடைய விசிறி சுற்றியபோது முன்வாங்கில் இருந்த கொப்பித் தாள்கள் பறந்தன. அப்ரா அதைப் பொறுக்காமல் விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாச் செய்தீங்க" என்று சனூஸா எல்லோருக்கும் சொன்னாள். "முதல் தரம் இப்பிடித்தான். இன்னொருக்கா செய்வம், ஆனா வாயில வயர் வைக்கிற ஆளை வெளியில விடுவன்."

மனதாரத்தான் சொன்னாள். பிள்ளைகளும் நம்பினார்கள். அடுத்த நாளே றுஷ்தா என்றொருத்தி தன் வீட்டில் பழுதாகிக் கிடந்த ஸ்திரிக்கைப்பெட்டியின் வயரை வெட்டிக்கொண்டு வந்தாள். இடைவேளையில் அந்த இரண்டு குறட்டையும் மாற்றி மாற்றிப் பிடித்து உரித்துப் பழகினார்கள். கன்டீனுக்குப் போகும் கூட்டம் குறைந்துவிட்டது என்று அதிபர் ஜெமீலா வந்து சொல்லிச் சிரித்தார்.

அந்த வார இறுதியில் சனூஸா உப்புவெளிக்குப் போய், றொஷானியின் குசினியில் இருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். பல்லால் உரித்த கதையைச் சொல்லும்போது இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பிறகு றொஷானி முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டாள்.

"பிள்ளைகளில ஒரு பிழையும் இல்லை, சனூஸா. குறடு காணாது, கைப்பழக்கம் காணாது. முதல் ரெண்டு தவணையும் கைப்பழக்கம் குடுத்திட்டு மூண்டாம் தவணையில சோதிக்கோணும். நான் அப்பிடித்தான் திருத்தி எழுதப் போறன்."

"அப்ப தனியாகச் செய்யிறது நிக்கும்தானே, அக்கா?"

"நிக்காம? நான் இருக்கிறன்தானே."

அந்தச் சொல்லோடு நிம்மதியாகத் திரும்பி வந்தாள்.

இறுதிக் கூட்டம் டவுனில், துறைமுகத்தைப் பார்த்த மேல்மாடி மண்டபத்தில் நடந்தது. தலைமை அபூதாஹிர் சேர், மூதூர் ஆள், கூட்டத்தை நேரத்துக்கு முடிப்பதில் பேர் போனவர். வசனம் வசனமாக வாசித்துக்கொண்டு வந்தார். சனூஸாவின் வசனம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனி எண்டு கிடக்கு. இது நடக்கிற காரியமா? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்க."

சனூஸா கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினாள். அதற்குள் பக்கத்தில் இருந்த றொஷானி பேசத் தொடங்கிவிட்டாள்.

"சேர், இது சனூஸா மிஸ்ஸின்ட பள்ளிக்கூடத்தில செய்து பாத்தது. பாதிக்கு மேல பிள்ளைகளுக்கு ஏலாமப் போட்டுது. ஒரு பிள்ளை அழுதிருக்கு. சில பிள்ளைகள் வயரைப் பல்லால உரிச்சிருக்கினம்."

மண்டபம் சிரித்தது. பின்னால் யாரோ, "நல்ல காலம், கரண்டுக் கம்பியைக் கடிக்கேல்ல" என்றார். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

சனூஸா நின்றபடியே றொஷானியைப் பார்த்தாள். அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டாள், அடுத்த வசனத்தில் குறட்டைப் பற்றிச் சொல்லுவாள், கைப்பழக்கத்தைப் பற்றிச் சொல்லுவாள், அப்ராவின் விசிறியைப் பற்றிச் சொல்லுவாள் என்று காத்து நின்றாள். றொஷானி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள். அவ்வளவுதான். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டாள்.

"மிஸ், இது சரியா?" என்று அபூதாஹிர் சேர் கேட்டார்.

"சரிதான் சேர். ஆனா எங்களிட்ட ரெண்டே ரெண்டு குறடுதான்…"

"அதைத்தான் மிஸ் நானும் சொல்லுறன். கருவி இல்லை, அறை இல்லை. பிறகென்னத்துக்குப் பிள்ளைகளைப் போட்டுக் கஷ்டப்படுத்துவான்? குழுவாச் செய்யட்டும். சம்மதமான ஆக்கள் கையைத் தூக்குங்க."

கருவி வேண்டும் என்பதற்காக எழுதிய வசனத்தை, கருவி இல்லை என்று சொல்லியே வெட்டிவிட்டார். கைகள் எழும்பின. றொஷானியின் கையும் எழும்பியது. சனூஸா கதிரையில் இருந்துவிட்டாள். வெளியாள் ஒருவர் எதிர்த்திருந்தால் சண்டை பிடித்திருப்பாள், அவளுக்கு அது கைவந்த கலை. தன் வாயில் இருந்து எடுத்த சொல்லையே தன் முகத்தில் எறிந்தால் எங்கே போய்ச் சண்டை பிடிப்பது?

கூட்டம் முடிந்து கீழே வந்தபோது, எறிந்த சோற்றுப் பார்சல்களை, டவுனுக்குள் திரிகிற மான்களில் இரண்டு முகர்ந்துகொண்டு நின்றன. றொஷானி பின்னால் ஓடி வந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

"சனூஸா, கோவிக்காதையும். செய்முறைப் பகுதி முழுதையும் வெட்டப் பாத்தவங்கள். நேற்றுச் சேர் என்னோட கதைச்சவர். அந்த ஒண்டைக் குழுவா மாத்தினா மிச்சமெல்லாம் நிக்கும் எண்டார். மாத்துறதுக்கு ஒரு காரணம் வேணும் எண்டார்."

"காரணத்துக்கு என்ட பிள்ளைகளா கிடைச்சது, அக்கா?"

"வேற செய்து பாத்த பள்ளிக்கூடம் இல்லையே."

"நேற்றுக் கதைச்சவர் எண்டா, நேற்று ராவே எனக்குப் போனில ஒரு கோல் எடுத்திருக்கலாமே. ஏன் சொல்லேல்ல?"

றொஷானி மான்களைப் பார்த்தாள்.

"சொன்னா நீர் சம்மதிச்சிருக்க மாட்டீர்."

சனூஸா கையை இழுத்துக்கொண்டாள். இதைவிட ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம், பயந்துபோய் உளறினேன் என்றாவது சொல்லியிருக்கலாம். யோசித்து, தெரிந்து, ஒரு இரவு முழுக்க வைத்திருந்துதான் செய்திருக்கிறாள். காலையில் பக்கத்துக் கதிரையில் இருந்து, "சாப்பிட்டனீரோ" என்று வேறு கேட்டாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்கள், அதை அவ்வளவு அன்பாகவும் செய்யலாம் என்று சனூஸாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

கிண்ணியா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்து பாலம் தாண்டும்வரை அழுதாள். வீட்டுக்குப் போய் நிகாப்பைக் கழற்றாமலேயே கட்டிலில் இருந்தாள். றொஷானியின் கோல் இரண்டு முறை வந்தது, எடுக்கவில்லை. அறை போனது, கருவி போனது. பிள்ளைகளாவது இருக்கிறார்கள், அந்த இரண்டு குறட்டை வைத்தென்றாலும் ஒவ்வொருத்திக்கும் பழக்கி விடுவேன், எந்த நியமம் என்னைத் தடுக்கும் என்று தனக்குத்தானே சொல்லித் தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் போனபோது பிள்ளைகள் எழும்பி சலாம் சொன்னார்கள். குரலில் உயிர் இல்லை. அலுமாரி பூட்டியபடியே கிடந்தது, ஒருவரும் திறப்புக் கேட்கவில்லை. அப்ரா மட்டும் இருக்காமல் நின்றாள்.

"டீச்சர், நாங்க வயரைப் பல்லால உரிச்ச கதை டவுனுக்கு எப்பிடிப் போன?"

"ஆரு சொன்ன?" என்று சனூஸா கேட்டாள்.

"டவுன்ல படிக்கிற என்ட மச்சி, மாமிட மகள். அவங்கட சேர் உங்கட கூட்டத்துக்கு வந்தவராம். வகுப்பில சொல்லிச் சிரிச்சிருக்கார். கிண்ணியாப் பொட்டையளுக்குக் குறடு வாய்க்குள்ள இருக்காம். எங்களுக்கு ஏலாது எண்டு சொல்லித்தான் தனியாச் செய்யிறதை எடுத்துப் போட்டாங்களாம். ஏலாது எண்டு ஆரு டீச்சர் சொன்ன?"

றொஷானி என்ற பெயர் நாக்கு நுனிவரை வந்தது. வகுப்பில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும், போன தவணை வந்து இவர்களோடு பாட்டுப் பாடிவிட்டுப் போனவள். சொல்லிவிட்டால் பழி அங்கே போய்விடும். ஆனால் பாதிக்கு மேல் தோல்வி என்று முதலில் சொன்ன வாய் யாருடையது? குசினியில் இருந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது யார்? அதை இந்தப் பிள்ளைகளுக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

"நான்தான் சொன்னனான்" என்றாள். "திருத்துறதுக்காகச் சொன்னது. உங்களுக்குக் கூடக் கருவியும் கூட நேரமும் வேணும் எண்டு சொல்லுறதுக்காக."

"எங்களிட்ட நல்லாச் செய்தீங்க எண்டுதானே சொன்னீங்க."

"அதும் உண்மைதான், அப்ரா."

அப்ரா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை சனூஸாவுக்கு நன்றாகத் தெரியும். அன்று மண்டபத்தில் அவள் றொஷானியைப் பார்த்த பார்வை அது, அடுத்த வசனத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்து நிற்கிற பார்வை.

றுஷ்தா ஸ்திரிக்கைப்பெட்டி வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். யாரும் சொல்லாமலேயே பிள்ளைகள் மேசைகளை இழுத்து, ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து இருந்தார்கள்.

"பாடத்தைத் தொடங்குங்க, டீச்சர்" என்றாள் அப்ரா. இருந்து, கொப்பியை விரித்து, அடிமட்டத்தை வைத்து ஓரக்கோடு அடித்தாள். "எங்கட குழுவில நான் அறிக்கை எழுதுறன்."