வாப்பாவின் கொப்பி

நூற்று இருபத்தொரு நாள். முகம்மது தம்பி மௌத்தாகி அத்தனை நாள்; அவர் மனைவி மைமூனாவின் இத்தா, கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்கும் காலம், முடிய இன்னும் ஏழு நாள். அதுவரை அவள் வாசல் தாண்டக்கூடாது, வெளி ஆண்களுக்கு முகம் காட்டக்கூடாது, அவள் குரல்கூட வெளியே கேட்கக்கூடாது.

மகள் றுஸ்னா மூன்று நாளைக்கு ஒரு தடவை, சுபஹு தொழுதுவிட்டுக் கொட்டிலுக்குப் போவாள். வாப்பாவின் பழைய சன்னி காரை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுவாள். நாற்பது தடவை அப்படிச் செய்தாயிற்று. நாற்பத்தோராவது தடவை, இன்று காலை, கார் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது.

பின்னேரம் ஆலையடிவேம்பிலிருந்து ஒருவர் காரைப் பார்க்க வருகிறார். றுஸ்னாவின் அண்ணன், றினாஸ் காக்காவின் ஏற்பாடு. விற்க உம்மாவுக்கு விருப்பமில்லை.

"காரும் போனா எனக்கு இந்த வீட்டுல என்ன வேல?" என்று நேற்று சொன்னாள்.

"அப்ப காக்காட்டச் சொல்லுங்களன்."

"என்னத்தச் சொல்ற? மௌத்தான மனிசன்ட பேரக் கெடுக்கவா? விடு."

றுஸ்னாவும் விட்டுவிட்டாள். விஞ்ஞானப் பட்டம் எடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க அவளுக்கு எப்போதும் கூச்சம்.

பத்து மணிக்கு மெக்கானிக் சப்ரி வந்தார். வேறு பெற்றரி பூட்டி எப்படியோ எஞ்சினை ஓட வைத்தார். அது நொண்டி நொண்டி ஓடியது.

"தங்கச்சி, இதுக்கு வாப்பாதான் வரணும். சாய்ந்தமருதுல அவர்ட காது மாதிரி ஒரு காது இல்ல. சாவியத் தரக்குள்ளேயே சொல்லிருவார், 'ரெண்டாவது பிளக்கப் பாரு' எண்டு. வீட்டுலயே கேட்டு வெச்சிட்டு வருவார். நான் ஏதும் கேட்டா மறுமொழி இல்ல, அங்கால பாத்துட்டு நிப்பார். பெருமைக்காரன்."

வாப்பா முப்பது வருடம் அரிசி மில்லில் மெஷின் பக்கத்தில் நின்றவர். கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டார். ஊரே அதைப் பெருமை என்றுதான் சொல்லும்.

உம்மாவின் அறை ஜன்னல் கம்பியில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. றுஸ்னா உள்ளே போனாள். கொட்டிலிலிருந்து அறைக்கு இருபத்திரண்டு அடி. உம்மா பாயில் சாய்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது, கையில் தஸ்பீஹ் மணிகள்.

"எஞ்சின்ல மூணாவது டெப்பட் இறுக்கம். மத்ததெல்லாம் டிக் டிக் எண்டு கதைக்கிது, அது மட்டும் கதைக்குதில்ல. கதைக்காததுதான் பழுது."

றுஸ்னா திரும்பி இருபத்திரண்டு அடி நடந்தாள்.

"மூணாவது டெப்பட் இறுக்கமாம். வாப்பாட கொப்பில கிடக்கு."

வாப்பா காரைப் பற்றிக் குறித்து வைத்த கொப்பி என்பது இரண்டு மாதத்துக்கு முன், ஒயில் மாற்ற சப்ரி வந்த நாளில், அவள் வாயில் வந்த வார்த்தை. இத்தாவில் இருக்கும் உம்மா ஜன்னலோரம் இருந்து எஞ்சினைக் கேட்கிறாள் என்று எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து கொப்பிதான்.

சப்ரி எஞ்சினை நிறுத்தி மேல்மூடியைக் கழற்றினார். இடைவெளி பார்க்கும் மெல்லிய தகட்டை மூன்றாவதில் நுழைத்தார்.

"சத்தியமா, தகடு போகுதில்ல! உங்கட வாப்பா மௌத்தாகியும் கார விட்டு இறங்கல்ல போல."

தளர்த்தி, பூட்டி, மறுபடி ஓடவிட்டார். கரண்டி தட்டியது. றுஸ்னா போனாள், வந்தாள்.

"டைமிங்க ஒரு மயிரளவு பின்னுக்கு எடுக்கட்டாம்."

மறுபடி கரண்டி. மறுபடி இருபத்திரண்டு அடி. "ஐட்லிங் கொஞ்சம் கூட." முதுகில் வியர்வை ஒட்டியது. நாலு மாதமாக அவள் இப்படித்தான் நடக்கிறாள் என்று தோன்றியது. கடைசியில் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. ஜன்னல் பக்கம் சத்தமில்லை.

அப்போது றினாஸ் வந்தான்.

"இத விக்காதீங்க தம்பி," என்றார் சப்ரி. "இன்னும் பத்து வருசம் ஓடும்."

"ஆரு பாக்கிற காக்கா? மூணு மாசத்துக்கு ஒருக்கா ட்யூன் பண்ணணும். நான் கொழும்புல. இவளும் வேல கிடைச்சாப் போயிருவாள். உம்மாவா பொனட்டுக்குள்ள தலையப் போடுற?" றினாஸ் சிரித்தான். சப்ரியும் சிரித்துவிட்டுக் கொப்பியைப் பற்றிச் சொன்னார். றினாஸ் தங்கை பக்கம் திரும்பினான்.

"புள்ள, அந்தக் கொப்பிய எடுத்துட்டு வா. வாங்குறவருக்கு அதையும் குடுப்பம்."

றுஸ்னா உள்ளே போனாள். உம்மாவின் கண் திறந்திருந்தது.

"கொப்பியக் கேக்காங்க."

உம்மா தஸ்பீஹை மடியில் வைத்தாள். விரல் நகங்களின் ஓரத்தில் ஒரு காலத்தில் எவ்வளவு உரசினாலும் போகாத கறுப்பு இருந்தது. நூற்று இருபத்தொரு நாளில் அது வெளுத்துப் போயிருந்தது. றுஸ்னா அந்த நகங்களைப் பார்த்தபடி நின்றாள். பிறகு வெறுங்கையோடு நடந்தாள்.

"எங்க கொப்பி?"

"கொப்பி இல்ல காக்கா."

"துலைச்சிட்டியா?"

"ஒரு நாளும் இருக்கல்ல."

சப்ரி கை துடைத்த துணியோடு நிமிர்ந்தார். றுஸ்னாவுக்கு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"வாப்பாக்கு மில்லுலயே காது போயிட்டு. இருபது வருசமா இந்தக் காரக் கேட்டதும் உம்மாதான், கொட்டில் கதவச் சாத்திட்டு ட்யூன் பண்ணினதும் உம்மாதான்."