காற்று எந்தப் பக்கம்?

அந்த மாவட்டத்தில் எந்தக் கட்சி ஜெயிக்கிறதோ அதுதான் நாட்டை ஆளும். ஒன்பது தேர்தலாக இது பிசகியதே இல்லை. அதனால் தேர்தல் வந்தால் போதும், செய்தியாளர்கள் படையெடுத்து விடுவார்கள்.

"நாலு நாள் சுத்திட்டு வாம்மா. காத்து எந்தப் பக்கம்னு ஒரே வரியில சொல்லணும்" என்று நாளிதழ் ஆசிரியர் இந்தத் தடவை தன் மூத்த செய்தியாளர் ஒருத்தியை அனுப்பினார். இருபது வருஷம் அரசியல் எழுதி எழுதி, அவளுக்குத் தலைவர்கள் மேல் மட்டுமல்ல, ஜனங்கள் மேலேயே நம்பிக்கை விட்டுப்போயிருந்தது.

முதல் நாள், பேருந்து நிலையத்து முடிதிருத்துபவர் வேலையை நிறுத்தாமலே கேட்டார்: "மாற்றம் வேணும்னு சொல்லவா, இதுவே தொடரட்டும்னு சொல்லவா? நேத்து வந்த நிருபருக்கு ரெண்டும் குடுத்தேன்." சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் சிரித்த சிரிப்பில் நுரை தெறித்தது. அவள் நோட்டை மூடினாள்.

மூன்றாம் நாள், டவுன் பஸ் ஒரு கால்வாய்க் கரையோடு நின்றுவிட்டது. பாலம் வெள்ளத்தில் போய் மூன்று வருஷமாம். எதிர்க்கரையில் பிஸ்கட் தொழிற்சாலை. நடுவில் ஒரு இரும்பு நடைபாலம். அதன் கடைசிக் கைப்பிடிக்கு ஒரு பெண் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்திருந்தவள் அவளுடைய நாத்தனார். ஒருத்தியின் கருவிப்பெட்டியில் ஒரு கட்சியின் சின்னம், மற்றவளின் குடையில் எதிர்க்கட்சியின் சின்னம்.

"அரசாங்கம் கட்டறதா?"

"அவங்க கட்டறதுக்குள்ள எங்க வேலை போயிடும்" என்றாள் நாத்தனார். "ஷிப்டுக்கு ஆறு கிலோமீட்டர் சுத்தினோம். கம்பெனியில பழைய இரும்பு ரேக்கைத் தூக்கிப் போட்டாங்க, கேட்டு வாங்கி நாங்களே பாலமாக்கிட்டோம். ஆனா ஒண்ணு, அண்ணி கட்சிக்குச் செத்தாலும் ஓட்டுப் போடமாட்டேன்."

"போடாதே. கம்பியை ஆட்டாம பிடி" என்றாள் அண்ணி.

செய்தியாளர் நோட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, கம்பியின் மறுமுனையைப் பிடித்தாள். வெல்டிங் முடிந்ததும், ஷிப்டு விட்டு வந்த கூட்டம் அதில் நடந்தபோது பாலம் துளியும் அசையவில்லை. 'இவங்க எங்க ஜனங்க' என்று செய்தியாளரின் நெஞ்சு நிமிர்ந்தது.

"யாரு ஜெயிப்பாங்க?" போனில் ஆசிரியர்.

"தெரியல சார். ஆனா யார் வந்தாலும் இவங்ககிட்ட தப்பிக்க முடியாது."

ஆசிரியர் முணுமுணுத்துக்கொண்டே அந்த வரியையே முதல் பக்கத்தில் போட்டார்.

நாத்தனாரின் கட்சிதான் ஜெயித்தது. மாவட்டத்திலும் சரி, நாட்டிலும் சரி. புது நாடாளுமன்ற உறுப்பினர் நடைபாலத்துக்கு ரிப்பன் வெட்ட மாலையும் கழுத்துமாக வந்து நின்றார். மறித்தவள் நாத்தனாரேதான்!

"பாலம் நாங்க போட்டாச்சுங்க. நீங்க அந்தப் பக்கத்து ரோட்டைப் போட்டுட்டு வாங்க."

செய்தியாளருக்கு அதைப் போன் போட்டுச் சொன்ன அண்ணிக்குப் பெருமை பிடிபடவில்லை. "எங்க நாத்தனாரா, கொக்கா!"