சும்மா நிற்கும்போது எத்தனை வாட்?

விடிந்ததும் விடியாததுமாக ராஜ்கமல் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க தமிழு, துணிய விரிச்சுப் போட்டுட்டு ஆளுக நிக்கறாங்க. உங்க சர்வரு மறுக்காவும் தூங்கிப்போச்சு. இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா நான் வேற ஆளத்தானுங்க பாக்கோணும்."

தமிழ்செல்வன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ராயபுரம் வீட்டிலிருந்தே பனியனில் அச்சிடும் படங்களை வரையத் தொடங்கியபோது நம்பி வந்த ஒரே ஆள் ராஜ்கமல்தான். முதலிபாளையத்தில் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறார். படங்கள் இன்டர்நெட்டில் வெளியார் இடத்தில் தங்கக் கூடாது என்பது அவருக்கு ஆர்டர் தருகிறவர்களின் கண்டிப்பு. அதனால்தான் வீட்டிலேயே ஒரு சர்வர். எந்த நேரமும் யூனிட்டில் உட்கார்ந்தபடி படத்தை இறக்கிக்கொள்ளலாம். மூடிப்போன ஓர் ஆபீசிலிருந்து சும்மா கிடைத்த பெரிய கம்ப்யூட்டரை அதற்கு வைத்திருந்தான். கரண்ட் போனால் அது இன்வெர்ட்டரை உறிஞ்சித் தீர்த்துவிடும். ஆனால் நேற்றிரவு கரண்ட் போகவில்லையே.

முன்னறைக்குப் போய்ப் பார்த்தான். மனைவி பிரிசில்லாவின் இரண்டு தையல் மிஷின்களுக்குப் பக்கத்தில், அவற்றைப் போலவே கம்ப்யூட்டரும் வேஸ்ட் துணியால் போர்த்தப்பட்டிருந்தது. தொட்டால் சுட்டது. சூடு தாங்காமல் தானே அணைந்திருந்தது.

"இத யாரு மூடுனது?"

"நாந்தானுங்க. வேலை முடிஞ்சா மிஷினை மூட வேண்டாமா? பஞ்சு எறங்கிருமல்ல."

"அதுக்கு ராத்திரியும் வேலை, புள்ள."

"ராத்திரி பூரா என்னங்க வேலை?"

"யாராச்சும் படம் கேட்டா எடுத்துக் குடுக்கோணும்."

"கேக்காட்டி?"

"காத்துட்டு இருக்கும்."

"அடேங்கப்பா! சும்மா நிக்கறதுக்கா இந்தக் கொதி? எங்கப்பனாட்டவே இருக்குது."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே விசிறியின் இறக்கைகள் தெரியாதபடி பஞ்சு கம்பளியாகப் படிந்திருந்தது. அதை வழித்தெடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி ஓடவிட்டான். பிரிசில்லா தைக்கத் தொடங்கினாள். மிதியிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் அடங்கியது, வைத்தால் ஓடியது. முன்பிருந்த மோட்டார் தைக்காதபோதும் இரைந்துகொண்டே இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை மாட்டியது அவன்தான்.

பழைய கம்ப்யூட்டரைவிட வேகமான ஒன்றைத்தான் அவன் பல நாளாகத் தேடிக்கொண்டிருந்தான். அன்று மத்தியானம் கம்ப்யூட்டர் கடையில் வேறு கேள்வி கேட்டான்: சும்மா நிற்கும்போது எத்தனை வாட்? விசிறி இல்லாமல் இருக்கிறதா?

கடைக்காரர் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "இதுல கேம் எல்லாம் ஓடாதுங்க."

"ஓட வேண்டாமுங்க. நின்னாப் போதும்."

வீட்டில் மீட்டர் வைத்து அளந்தான். பழையது சும்மா இருக்கும்போதே தொண்ணூறு வாட்டைத் தொட்டது. புதியது எட்டைத் தாண்டவில்லை. துணி படாத உயரத்தில் சுவரில் அதை மாட்டி, இன்டர்நெட் மோடத்தையும் சேர்த்து இன்வெர்ட்டரில் கொடுத்தான்.

அடுத்த வாரம் பராமரிப்புக்காக ராயபுரம் முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். தெருவில் ஒரு மிஷின் சத்தம் இல்லை. உச்சிப்பொழுது தாண்டியும் கரண்ட் வரவில்லை. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்போது ராஜ்கமலின் போன் வந்தது. எடுக்கவே தமிழ்செல்வனுக்குக் கை வரவில்லை.

"தமிழு, படம் இப்பத்தான் எறக்குனேன். ஏனுங்க, புலிக்கு என்ன மஞ்சள் வெச்சிருக்கறீங்க? காமாலை வந்த புலியாட்ட இருக்குது!"

"மாத்திடலாமுங்க," என்றான் தமிழ்செல்வன். இத்தனை நாளும் சர்வரைத்தான் குறை சொன்னார்; படத்தைப் பற்றிக் குறை சொன்னது இதுதான் முதல் தடவை. லேப்டாப்பைத் திறந்து, புலிக்கு வேறு மஞ்சள் தேட உட்கார்ந்தான்.